கண் எழுதிய படம்

விடியற்காலை நாலரை மணி. கால்வாயை ஒட்டிய சாலை... ஒரு விளக்குக்கூட இல்லை. என் நண்பரின் தாய்மாமா தனியாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். காவல் நிலையத்திலிருந்து அழைப்பு.

தவறாக எண்ணாதீர்கள், இது சற்று அருவருப்பான விஷயம். வாயில் எதையாவது மென்றுகொண்டிருப்பவர்கள் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள்.

மாமா அப்போது ஓர் உள்ளூர் வாரப் பத்திரிகையில் புகைப்படக்காரர். ஃபிலிம் காலம். வாரத்துக்கு ஒரே சுருள்தான் கொடுப்பார்கள். அன்று அதில் மிச்சம் ஒரே ஒரு படம்.

கரையில் போலீஸ்காரர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றார். காலடியில் ஓர் ஆண் பிணம். மூன்று நாள் ஊறியது.

"யாருன்னே தெரியல சார். நீங்க படம் போட்டா வீட்டாளுங்க வருவாங்க. இல்லன்னா வெள்ளிக்கிழமை அனாதைப் பொணமாப் பொதைச்சிடுவோம்."

முகம் ஊதியிருந்தது. கண் வேறு மூடியிருந்தது. அப்படியே எடுத்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. இப்படிப்பட்ட நேரத்தில் இமையைத் திறந்துவைத்து எடுப்பது அவர்கள் தொழிலில் வழக்கமாம். மாமா கட்டைவிரலால் நீக்கினார். தோல்... விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. வேகவைத்த முட்டை ஓட்டுக்கு உள்ளே ஒரு சவ்வு இருக்குமே, அது போல. இரண்டு கண்ணும் திறந்து நின்றன. ஃப்ளாஷ் ஒருமுறை வெட்டியது.

"கையைக் கழுவினாரா இல்லையா?" என்கிறீர்களா? கழுவினார். அதே கால்வாயில்தான்.

அன்று மாலை இருட்டறை. சிவப்பு விளக்கு. பத்திரிகைப் பக்கம் ஆறு மணிக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். படம் கழுவும் டெவலப்பர் தட்டில் தாளை அமிழ்த்தினார். முகம் மெல்ல மெல்ல ஏறி வந்தது...

கண் மூடியிருந்தது.

இன்னொரு தாள் போட்டார். மூடியிருந்தது. ஃபிலிமையே விளக்கில் பிடித்துப் பார்த்தார். அதிலும் மூடியிருந்தது. தட்டிலிருந்த திரவம் சளி போலக் கெட்டியாகி, இடுக்கியிலிருந்து நூல் நூலாகத் தொங்கியது. எப்போதும் புளித்த வாடை அடிக்கும் அறையில்... கால்வாய் வாடை.

தடதடவென்று கதவு. வெளியே பத்திரிகை ஆசிரியர்.

"யோவ், உள்ள என்ன குடித்தனமா நடத்துற? பக்கம் காத்துக் கெடக்கு!"

"கண்ணு மூடியிருக்கு சார்."

"மூடியிருந்தா வரைஞ்சு தொறந்து விடேன். தழும்பு மறைக்கிற பிரஷ் எதுக்கு வச்சிருக்க, பல்லு வெளக்கவா?"

வரையலாம். ஆனால் யாருடைய கண்ணை? சுவரில் சவரக் கண்ணாடி மாட்டியிருந்தது. அதைப் பார்த்து, மாமா தம் கண்ணையே எழுதினார். முதலில் இடது. பிறகு வலது. மிக நேர்த்தியாக அமைந்ததாம்.

வெள்ளிக்கிழமை காலை, பத்திரிகையும் கையுமாக ஓர் அம்மாள் பிணவறைக்கு வந்தார். மாமாவும் போயிருந்தார். துணி விலகியது. கண் திறந்தே இருந்தது. அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். வெகுநேரம்.

"காது என் புள்ளையோடது. கழுத்து மச்சமும் அவனுதுதான். ஆனா... இது அவன் கண்ணு இல்லப்பா."

நிமிர்ந்தார். மாமாவை உற்றுப் பார்த்தார்.

"இது உன்னோடது. எடுத்துக்கிட்டுப் போயிடுப்பா. என் புள்ளைக்கு வேணாம்."

மாமா ஓடி வந்துவிட்டார். பிணவறை ஊழியர் இமைகளை மூடிப் பார்த்திருக்கிறார்... மூடவில்லை. மகன் கிடைத்தவரை போதும் என்று, அப்படியே புதைத்துவிட்டார்கள்.

அன்றிரவு மாமா படுத்தார். கண்ணை மூடினார்.

இருட்டாக இல்லை. மண். ஈர மண், கண்ணுக்கு வெகு அருகில். வேர் நுனிகூடத் தெரிந்ததாம். திறந்தால் அறை. மூடினால் மண். ஒரு மனிதர் எத்தனை நாள் மூடாமலே இருக்க முடியும், சொல்லுங்கள்?

ஒரு வாரம் கழித்து மண் அசைந்தது. வெள்ளையாக ஒன்று... அரிசி நீளம்... நெளிந்து நெளிந்து, நேரே கண்ணை நோக்கி. அதன் பின்னால் இன்னும் பல.

மூன்றாவது வாரம் என் நண்பர் பார்க்கப் போயிருந்தார். மாமா இளைத்திருந்தார்; ஆனால் முகத்தில் சற்றே தெளிவு.

"இடது கண்ண மூடினா இப்ப நல்லா இருட்டா இருக்குடா மாப்ள," என்றாராம். "அந்தப் பக்கம் தின்னு முடிச்சிடுச்சு. வலதுலதான்... இன்னும் பாதி இருக்கு."