வளராத பிள்ளை

அதிகாரி: அப்போ உங்க ஃபேன் நல்ல ஃபேன்னு சொல்றீங்க?

முதலாளியம்மா: ரொம்ப நல்ல ஃபேன் சார்!

அதிகாரி: அப்படின்னா வெளிநாட்டு ஃபேனுக்கு அரசாங்கம் போட்டிருக்கற வரியை எடுத்துடலாமே?

முதலாளியம்மா: ஐயய்யோ... அவ்வளவு நல்ல ஃபேன் இல்ல சார்.

அதிகாரி: இப்பத்தானேம்மா...

தம்பி: அக்கா என்ன சொல்ல வர்றாங்கன்னா சார், நல்லாத்தான் இருக்கும். ஆனா...

முதலாளியம்மா: நீ சும்மா இருடா! சார், எங்க ஃபேக்டரி பச்சப் புள்ள மாதிரி. இப்பத்தான் எழுந்து நிக்குது. கையை விட்டா விழுந்துடும்.

அதிகாரி: பதினஞ்சு வருஷமா பிடிச்சிட்டிருக்கோம். மீசை முளைக்கற வயசும்மா.

முதலாளியம்மா: சில புள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும் சார்.

அதிகாரி: சரி, ஒண்ணை ஓட்டிக் காட்டுங்க.

தம்பி: எதைக்கா...?

முதலாளியம்மா: எதைன்னு கேக்கறான் பாரு! மேசை மேல இருக்கறதைத்தான். சுவிட்சைப் போடு!

அதிகாரி: என்னம்மா இது, லாரி மேடேறுற மாதிரி சத்தம்!

முதலாளியம்மா: என்ன சார் பண்றது...

அதிகாரி: நகருது... ஃபேன் நகருதுய்யா! விழப்போகுது, பிடி, பிடி!

தம்பி: பிடிச்சுட்டேன் சார்.

அதிகாரி: இவ்வளவு ஆட்டம் ஆடுது, காத்தே வரலையே!

முதலாளியம்மா: பாத்தீங்களா? இதை வெச்சுக்கிட்டு வெளிநாட்டுக்காரனோட எப்படி மோதறது? நூறு பேர் வேலை பாக்கறாங்க சார். பாதிப் பேர் வீட்ல இந்தச் சம்பளம்தான் அடுப்பு எரிக்குது. வரி மட்டும் இன்னும் கொஞ்ச நாள்...

அதிகாரி: வரியைப் போன வாரமே எடுத்தாச்சும்மா. நாளைக்கு அறிவிப்பு வரும்.

முதலாளியம்மா: எடுத்தாச்சா! அப்போ... நீங்க எதுக்கு சார் வந்தீங்க?

அதிகாரி: அரசாங்க ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் புது ஃபேன் வாங்கறோம். நம்ம ஊர்ல நல்லதாக் கிடைச்சா இங்கேயே வாங்கணும்னு உத்தரவு. எதுக்கு வர்றோம்னு முன்னாடியே சொன்னா சோடிச்சுக் காட்டுவீங்கன்னு சொல்லல. ஆனா இதைக் கட்டில் பக்கத்துல வெச்சா நோயாளி எழுந்து ஓடிடுவான். வர்றேம்மா.

தம்பி: அக்கா... இப்பவாவது சொல்லிடவா?

முதலாளியம்மா: நானே சொல்றேன்! சார், நில்லுங்க சார்! அந்த ஃபேனோட றெக்கையை வளைச்சு, நட்டைக் கழட்டி, நேத்து பூரா உட்கார்ந்து கெடுத்தது நாங்கதான்! குடோனுக்கு வாங்க, நல்லதெல்லாம் வெளிநாட்டுக்குக் கப்பலேற நிக்குது. ஓடும்போது சத்தமே வராது சார், சுத்துதான்னு விரலை மட்டும் விட்டுப் பாத்துடாதீங்க!