வடிவாக் கீறு

"அந்த நாளைக் கீறுங்க."

பிள்ளைகளிடம் ஒருக்காலும் கேட்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தது இந்த ஒன்றைத்தான். நான் கேட்டேன். ஜோசப்பின் மிஸ், நீங்கள் கேட்ட விளக்கத்தை இதிலிருந்தே தொடங்குகிறேன்.

காரணம் மலை.

2005 தை மாதம். சுனாமியில் கடல் அடித்து மூன்று கிழமை. நாவற்குடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம், முப்பத்தாறு பிள்ளைகள், ஆளுக்கு மூன்று பேஸ்டல் பெட்டி. விரும்பினதைக் கீறுங்க என்றோம். முப்பத்தாறு பேரும் இரண்டு மலையைக் கீறி நடுவில் சூரியனை வைத்தார்கள். கீழே ஓர் ஆறு, ஓட்டு வீடு, கொடிக்கம்பம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் பிறந்ததுகள். சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து வருவதை நாளாந்தம் கண்டதுகள். மலையை ஒருத்தரும் கண்டதில்லை. அது புத்தகத்து மலை. முகாமுக்குப் பொறுப்பாக இருந்த அன்ரோ அண்ணன் ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, "சோக்கா இரிக்கி" என்று கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

நான் கரடியனாறு ஊராள். அப்பா ஆருடையவோ வயல்வட்டையில் கூலிக்கு வேளாண்மை செய்தவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான், அதுவும் சித்திரம் படிக்க. "கீறுறதுக்கும் பட்டம் குடுக்காங்களாகா" என்று அம்மா கேட்டா. நாலு வருசத்தில் நான் படித்தது ஒன்றைத்தான்: கண்டதைக் கீறு, காணாததைக் கீறாதே. எங்களூரில் ஷெல் விழுந்தபோது எங்களுக்கு ஒருவரும் பேஸ்டல் பெட்டி கொண்டுவரவில்லை. கடல் அடித்த பிள்ளைகளுக்கு மூன்று பெட்டி கிடைக்கிறது, அதில் மலை கீறுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்ரோ அண்ணனின் சட்டம் வேறு. "அவங்களாச் சொன்னாச் சொல்லட்டும் தங்கச்சி. நாம தோண்டப்படாது." மூன்று நாள் பயிற்சியில் அவருக்கு வந்த அறிவு. அவர் கூட்டமொன்றுக்குப் போயிருந்த காலையில், முப்பத்தாறு பேரின் பெட்டிகளிலிருந்தும் மஞ்சளையும் பச்சையையும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மஞ்சள் இல்லாவிட்டால் சூரியன் வராது. பச்சை இல்லாவிட்டால் மலை வராது. பிறகு கேட்டேன்.

முப்பத்தைந்து பேர் நீல அலை கீறினார்கள். நுனி சுருண்ட அலை, அதுவும் புத்தகத்திலிருந்துதான்.

ஒருத்தி மட்டும் கறுப்பை எடுத்தாள். சுலக்ஷனா, ஏழு வயது. தாளின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம்வரை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். நுரை இல்லை, வளைவு இல்லை, சுவர் மாதிரி. இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது. நடுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டிருந்தாள், நிமிர்த்தி வைத்த நெல் அளவு.

"இது என்ன?"

"அம்மா."

அன்றைக்கு வந்த தண்ணீர் கறுப்பு என்று கண்ட எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் கறுப்பைக் கண்டார்கள், கறுப்பைக் கீறியது அவள் மட்டும். நாலு வருசத்தில் அப்படி ஒன்றை என் கை கீறியதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தப் படம் கொழும்புக்குப் போனது, மிச்சம் உங்களுக்குத் தெரியும். கண்காட்சி, நாட்காட்டி, துணிப்பை, வாழ்த்தட்டை. எல்லாவற்றுக்கும் வடிவமைப்பு என்னுடையது. சுற்றிவர வெள்ளை ஓரம் அகலமாக விட்டேன், படத்தின் மேல் ஓர் எழுத்தும் வைக்க விடவில்லை. அந்த நெல்லளவு வெள்ளையை மட்டும் தனியாக வெட்டி எடுத்தேன், அதுதான் முகாமை நடத்திய நம் நிறுவனத்தின் சின்னமாயிற்று. என்னிடம் விளக்கம் கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதத்தின் தலையிலும் அதுதான் இருக்கிறது.

கொழும்பில் இன்னும் பன்னிரண்டு படம் கேட்டார்கள். அதற்கிடையில் பிள்ளை தேறத் தொடங்கிவிட்டாள்.

வகுப்பறையில் எங்கேயோ ஒரு மஞ்சள் சோக்கட்டி எடுத்திருக்கிறாள். அடுத்த படத்தில் அந்த வெள்ளை மஞ்சளாயிற்று. அம்மா வீட்டில் போடுகிற மஞ்சள் சோட்டி என்றாள். அதற்கடுத்ததில் அம்மாவுக்குக் கால் வந்தது. பிறகு அம்மா கரையில் நின்று சீப்பால் தலை இழுத்தா. அலை ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கி அவவின் காலடியில் கிடந்தது. பின்னேரங்களில் சுலக்ஷனா மற்றப் பிள்ளைகளோடு கிளித்தட்டு விளையாடினாள். "கண்டீங்களா தங்கச்சி, புள்ள தேறிட்டு" என்று அன்ரோ அண்ணன் கண் கலங்கினார். எனக்குத் தெரிந்தது, ஒரு நல்ல படம் பிஸ்கட் டின் மூடிப் படமாக மாறிக்கொண்டிருப்பது மட்டும்தான். இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் மலையும் வந்திருக்கும்.

சோக்கட்டியை வாங்கி வைத்தேன். அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துப் பின்விறாந்தையில் இருத்தினேன். நான் அவளை அடிக்கவில்லை, உறுக்கவில்லை. முகாமில் இருந்த ஆரையும் கேட்டுப் பாருங்கள்.

"அம்மா உன்ட கையைப் பிடிச்சிருந்தவவா?"

"இல்ல டீச்சர். நான் அப்பாவோட பூசைக்குப் போன நான். பாட்டுக்காரர் நிக்கிற மேல்தட்டில அப்பாட தோள்ல இருந்துதான் பாத்த நான்."

"வடிவா யோசி."

"அம்மா கோயிலுக்கு வரல்ல. இறைச்சி ஆக்கணும் எண்டு வீட்டில நிண்டவ."

"வடிவா யோசிச்சுக் கீறு, மனே."

எங்கள் பேச்சில் வடிவா என்றால் கவனமா என்றும் அர்த்தம், அழகா என்றும் அர்த்தம். டீச்சருக்குப் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். தெரிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டேன்.

அவள் சொன்னது உண்மை என்பதும் தெரியும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை வேதக் கோயிலில் தன் தோளில் இருந்ததென்று தகப்பன் அல்பேட் அண்ணன் முகாமில் பதியும்போதே சொன்னார். அந்தப் படிவத்தை நிரப்பியது என் கை.

மூன்றாம் நாள், "பிடிச்சிருந்தவ" என்றாள். ஐந்தாம் நாள், "அப்ப, ஆர் முதல் கையை விட்ட?" என்று கேட்டேன். பேப்பரை அவள் முன்னால் தள்ளி வைத்தேன், கறுப்பைக் கையில் கொடுத்தேன். ஏழாம் நாள் நான் கேட்காமலே அவளே சொன்னாள். கை ஈரமாய் இருந்ததாம், வழுக்கினதாம், அம்மாவின் காப்பு மட்டும் தன் கையோடு வந்ததாம். அவவுக்குக் காப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு படங்கள். எல்லாம் கறுப்பு. ஒவ்வொன்றிலும் அந்த வெள்ளை இடம் மாறி மாறி அலைந்து, கடைசிப் படத்தில் ஐந்து விரலாக விரிந்தது. கொழும்பில் அதற்கு முன்னால் நின்று பெரிய பெரிய ஆட்கள் அழுதார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் செய்தவற்றில் அதுதான் சிறந்தது. "நான் செய்தவற்றில்" என்று எழுதிவிட்டேன், அதை வெட்டப் போவதில்லை.

பிறகு பிள்ளை கிளித்தட்டுக்குப் போகவில்லை. முகாம் கலைந்தது. 2007இல் எங்களூருக்குச் சண்டை வந்தது, அப்பாவும் அம்மாவும் இடம்பெயர்ந்து முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தார்கள். அவர்களைக் கீறச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. இந்த வருசம், 2009 வைகாசியில், சண்டை முடிந்துவிட்டதென்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். அது நடந்து மூன்றாம் கிழமை அல்பேட் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். நீங்களும் இருந்தீர்கள்.

சுலக்ஷனாவுக்கு இப்போது பன்னிரண்டு நடக்கிறது. வலது கையால் ஒன்றும் செய்ய மாட்டாள். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் இடது கையால். போன மாதம் அந்த வலது கையை அடுப்பில் வைத்திருக்கிறாள். இழுத்து எடுத்தபோது, "இது அம்மாவை விட்ட கை" என்றாளாம். நீ என்ட தோள்ல இருந்த நீ மகள், என்று அவர் எத்தனை தரம் சொல்லியும் ஒரே பதில்தான்: "டீச்சரைக் கேளுங்க. டீச்சருக்குத் தெரியும்."

அவர் சண்டைக்கு வரவில்லை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கேட்டார். "ஒரு சொல்லுச் சொன்னாக் காணும் புள்ள. அப்பிடி ஒண்டும் நடக்கல்ல எண்டு. நான் சொன்னா மகள் நம்புதில்ல. ஒங்கட வாயால சொன்னா நம்பும்."

உங்கள் கடிதத்திலும் அதையேதான் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையிடம் நேரில் சொல்லிவிட்டால் விசயத்தை மேலே கொண்டுபோக மாட்டீர்கள். நல்ல மனசு. ஒரு கிழமையாக யோசித்தேன்.

நான் சொன்னால் பன்னிரண்டு படமும் பொய்யாகிவிடும். அதற்கு முன்னால் அழுதவர்களெல்லாம் பொய்க்கு அழுதவர்களாகிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் தன்னுடையது என்று இருப்பது அந்தப் படங்கள்தான். அம்மாவையும் இழந்தவளிடமிருந்து அதையும் நான் பறிக்கலாமா? அல்பேட் அண்ணனுக்கு இது விளங்காது. உங்களுக்காவது விளங்க வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்டதை எழுத்தில் தருகிறேன். அவள் பிடித்தே இராத கையை அவளை விட வைத்தது நான். தெரிந்து செய்தேன், ஏழு நாள் எடுத்துச் செய்தேன். கீழே கையொப்பம் இருக்கிறது. இதை அவளுக்கு வாசித்துக் காட்டலாம், நான் மறிக்கவில்லை. ஆனால் அவள் நம்ப மாட்டாள். என் வாயிலிருந்து வந்தால் மட்டும்தான் நம்புவாள், அது வராது.

வவுனியா பஸ் பதினொன்றரைக்கு. அங்கே முகாம்களில் இருக்கிற பிள்ளைகளோடு வேலை செய்ய வேறொரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு படங்களையும் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். போவதென்று போன கிழமையே பதில் போட்டுவிட்டேன். உடுப்புப் பை மேசைக்குக் கீழே இருக்கிறது.

யன்னலால் பார்க்க, வெளிவிறாந்தை மர வாங்கில் இரண்டு பேரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள். அல்பேட் அண்ணன் வெள்ளைச் சேட்டுப் போட்டிருக்கிறார், பூசைக்குப் போடுகிறது போல. பிள்ளையின் வலது கை பாவாடை மடிப்புக்குள் இருக்கிறது. வாசல் ஒன்றுதான், அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்தக் கடுதாசியை உங்கள் மேசையில் வைத்துவிட்டு எழும்புகிறேன். என்னைக் கண்டதும் அவள் எழும்புவாள், டீச்சர் என்பாள்.

நான் நிற்க மாட்டேன். நின்றால் அவளுக்குத்தான் நோகும்.