கேட்காத கேள்விக்குச் சத்தியம்

இளவரசன்: ...பொண்ணு எனக்குப் புடிக்கல மதி. சத்தியமா. எங்கம்மா மேல சத்தியமா.

வெண்மதி: நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே.

இளவரசன்: கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடலாம்னு...

வெண்மதி: என் அரபு மொழி ஆராய்ச்சிக்கு நீ ஒருத்தனே போதும் போலக்குது.

இளவரசன்: ஆரம்பிச்சிட்டியா? சிநேகிதன் கல்யாணத்துக்கு வந்து மகால்ல உக்காந்தும் அரபுப் பாடமா?

வெண்மதி: சின்னப் பாடந்தான். கேக்கற ஆளு மூணு வகைன்றாங்க அந்தக் காலத்து அரபுப் பண்டிதருங்க. ஒண்ணும் தெரியாதவங்களுக்குச் சும்மா சொன்னா போதும். சந்தேகப்படறவங்களுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். அடியோட மறுக்கறவங்களுக்குத்தான் சத்தியம்.

இளவரசன்: சரி... அதுக்கு?

வெண்மதி: நான் மறுக்கவே இல்ல. நீ சத்தியத்துலயே ஆரம்பிக்கற. இப்பத்தி மொழியியல்காரங்களும் இதத்தான் சொல்றாங்க. ஒருத்தன் தேவைக்கு மேல பேசினா உள்ள வேற சேதி இருக்குதுன்னு.

இளவரசன்: ஒரு சேதியும் இல்ல. அவலூர்பேட்டைக்குப் போனோம், பாத்தோம். 'ஊருக்குப் போய் சொல்லி அனுப்புறோம்'னுட்டு அம்மா வந்துடுச்சு. அப்டின்னா வேணாம்னுதான அர்த்தம்? உனக்குத் தெரியாததா?

வெண்மதி: தெரியும். வேணான்ற வீட்ல இன்னா சாப்டீங்க?

இளவரசன்: இன்னா... காப்பி.

வெண்மதி: காப்பி மட்டும்?

இளவரசன்: பஜ்ஜி... நீ இன்னா போலீசா?

வெண்மதி: எல போட்டாங்களா?

இளவரசன்: ...வெயில்ல போயிருந்தோம். பசி.

வெண்மதி: சம்மந்தம் முடிவாகாம பொண்ணு வீட்ல யாரும் கை நனைக்க மாட்டாங்க. எந்தத் தெருன்னு கேட்டுட்டு எனக்குத் தண்ணிகூட குடுக்காத உங்கம்மா, முறை தெரியாமலா சாப்ட்டிருக்கும்?

இளவரசன்: அம்மா சோத்துல கை வெச்சிடுச்சு... நான் மட்டும் எழுந்து வர்றதா?

வெண்மதி: காலேஜ் நாள்லேர்ந்து என்னைத்தான் கட்டிக்குவேன்னு சொன்னியே, அதுக்காவது எழுந்து வந்திருக்கலாம்.

இளவரசன்: சாம்பார் ஊத்திட்டாங்க மதி...

வெண்மதி: அய்யோ பாவம்.

இளவரசன்: கிண்டல் பண்ணாத. ஆவணில தேதி வெச்சிட்டாங்க. உங்கிட்ட எப்டிச் சொல்றதுன்னு... ஏய், அழறியா?

வெண்மதி: ஆமா, அழறேன். ஆசப்பட்டேன் இல்ல?

இளவரசன்: இன்னும் நாள் இருக்குது. வீட்ல பேசறேன்...

வெண்மதி: வேணாம். ஹைதராபாத் காலேஜ்ல வேலை கெடச்சிருக்குது, வர்றேன்னு அவங்களுக்குப் போன வாரமே சொல்லிட்டேன். நீ பொண்ணு பாக்கப் போறதும் அப்பவே தெரியும், எழுந்து வரமாட்டன்றதும் தெரியும். தெரிஞ்சிருந்தும், நீ கூப்ட்டதும் புதுப் பொடவ கட்டிக்கினு வந்து உக்காந்தேன் பாரு... அதத்தான் என்னால தாங்க முடியல.