முன்னால் தள்ளினால் திறக்கும்

"செத்துப்போன பைலட் ஒருத்தர் என்கிட்ட தரையிறங்க அனுமதி கேட்டார். நானும் குடுத்தேன். 'காத்து பலமா இருக்கு சார், பாத்து வாங்க'ன்னு வேற சொன்னேன்!"

விமான நிலைய டவரில் முப்பது வருஷம் மைக் பிடித்து ஓய்வுபெற்றவர் இப்படி ஆரம்பித்ததும், கரண்ட் போனதால் மெழுகுவத்தியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. அவருடைய மைத்துனர், பழைய விமான மெக்கானிக், 'ஸ்பானர்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும், அவர்தான் உரக்கச் சிரித்தார்.

"அத்தான், நீங்க விடுற புருடாவுக்கு ரன்வே பத்தாது!"

"சிரி மாப்ளே, சிரி. என் சிநேகிதனோட மருமகளுக்கு நடந்தது இது..."

ராத்திரி இரண்டு பத்து. ஆளரவமற்ற சாலை. அதில் கடைசி வீடு. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் விளையாட்டுக்காகப் பழைய விமானங்களை அச்சு அசலாக உருவாக்குவது அந்தப் பெண்ணின் வேலை. அன்று கையில் இருந்தது, அவள் அப்பா ஓட்டி விழுந்த விமானம். இன்ஜினுக்கு எரிபொருளைத் திறந்து மூடும் பிடியை அவரே தப்பாகத் தள்ளி மூடிவிட்டார் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அப்பா மேல் விழுந்த அந்தப் பழியைத் துடைக்கத்தான் ஆணி ஆணியாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

முன்னால் தள்ளினால் திறக்கும். கையேட்டில் இருந்தது அப்படி. அப்படியே அமைத்தாள்.

டக்.

திரையில் பிடி தானாக அசைந்தது. முன்னால் தள்ளிப் பார்த்தாள்... இன்ஜின் அணைந்தது. தலைகீழ்! சரிசெய்தாள். மறுநாள், அதே நேரம்... டக்.

"இப்படியே பதினேழு ராத்திரி!"

"அத்தான்..."

"சரி, மூணு. மூணாவது ராத்திரி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டுச்சு. போனேன். ரூம் முழுக்கப் பெட்ரோல் வாடை. ஹெட்போன் வயர் கழண்டு கிடக்கு. அதுக்குள்ளேருந்து மூச்சு... 'டவர், இறங்கணும்'னு. குடுத்தேன்யா அனுமதி! அப்புறம் மெதுவா... 'முன்னாலதாம்மா தள்ளினேன்.'"

யாரும் சிரிக்கவில்லை.

"வைரஸா இருக்கும்," என்றார் ஸ்பானர். குரல் அவருடையது போலவே இல்லை.

"இருக்கட்டும். அந்தப் பொண்ணு இதைப் போய் யார்கிட்ட சொல்லும்? கையேட்டுல இல்லாததை எவன் நம்புவான்?"

ஸ்பானர் மெழுகுவத்தியை நடுவிலிருந்து தள்ளி வைத்தார், முகம் தெரியாதபடி.

"நடந்ததுதான் அத்தான். அன்னிக்கு அந்தப் பிடியைக் கழட்டி மாட்டினவன் நான். தலைகீழா மாட்டிட்டேன்... வீட்டுக்கு வந்து கை கழுவுறப்பதான் உறைச்சுது. திரும்ப ஏர்போர்ட்டுக்கு ஓடினேன். அதுக்குள்ள அவர் கிளம்பிட்டார்."