டாக்டர் பதில் போட்டுவிட்டார்

உங்கள் விசாரணை அறையில் இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. கிளினிக்கில் எனக்குக் கொடுத்திருந்தது ஒரு பக்கமாகச் சாயும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடுப்பு விட்டுப்போகும். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், யாரும் மாற்றித் தரவில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் நிதானமாகக் கேளுங்கள், நானும் நிதானமாகச் சொல்கிறேன். அவசரப்படுத்தினால் எனக்கு வாய் குழறும்.

வாசலுக்கு நேரே, கண்ணாடிக் கதவைப் பார்த்த மாதிரி இருக்கும் மேசை என்னுடையது. டாக்டர் என்னை அக்கா என்பார், வயதில் சின்னவர். நோயாளிகளுக்கு நான் மெசேஜ் அக்கா. அந்தப் பட்டம் செல்போனில் கிளினிக்கின் ஆப் வந்த பிறகு வந்தது. அதற்கு முன்னால் எல்லோரும் போன் செய்வார்கள், இல்லாவிட்டால் நேரே வந்து என் தலைக்கு மேலே நின்று கத்துவார்கள். சத்தமாக இருந்தாலும் யாருக்கு எவ்வளவு முடியவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு மேனேஜர் வெளியிலிருந்து வரும் அழைப்புகளையெல்லாம் நிறுத்திவிட்டார். இனிமேல் எது வேண்டுமானாலும் மெசேஜில்தான் என்று கதவில் ஒட்டியும் வைத்துவிட்டார்.

அந்த ஆப் ஒரு தினுசானது. எழுத விடுவதற்கு முன்னால் வரிசையாகக் கேள்வி கேட்கும். மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, பார்வை மங்குகிறதா, இப்படி. ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று குறித்துவிட்டால் போச்சு. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும் என்று சொல்லிவிட்டுத் திரை மூடிக்கொள்ளும், மெசேஜ் எங்களுக்கு வராது. ரொம்ப நாள் இருமல்காரர் ஒருவர் மூச்சு முட்டுகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் அதே திரையில் முட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் வந்து சண்டை போட்டார். அதனால் நான் எல்லோருக்கும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன்.

"எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க. அப்புறமா கீழ எழுதற இடத்துல உங்க கதையை எழுதுங்க. அப்பதான் டாக்டருக்குப் போகும்."

வாய்க்கு வாய் அது பரவிவிட்டது. நீங்கள் ஆவணங்களை எடுத்துப் பார்த்தால் எங்கள் வட்டாரத்தில் ஒருவருக்கும் நெஞ்சு வலித்ததே கிடையாது. அவ்வளவு ஆரோக்கியமான ஜனங்கள். டாக்டரே ஒருமுறை அதைச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்தது சிவப்பு. பதில் போடாத மெசேஜ் கொஞ்ச நேரம் போனால் மஞ்சளாகும், அப்புறம் சிவப்பாகும். சிவப்பானால் மேனேஜருடைய போனில் மணி அடிக்கும். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்த பெண்ணை அந்தச் சிவப்புக்காகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி, ஐயா. என் வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஒரு வரி மஞ்சளாவதைப் பார்த்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அதற்குத்தான் முதலில் பதில் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை காய்கறி நறுக்கும்போதுகூட எங்கேயாவது ஒன்று சிவந்துகொண்டிருக்குமோ என்று யோசனை போய்விடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் நல்ல மனிதர். நேரில் வந்தவரிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். திரையைக் கண்டால்தான் ஆகாது. தன் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆரம்பத்தில் ஒவ்வொன்றாக நான் படிப்பேன், அவர் சொல்லுவார், நான் அவர் பெயரில் அடித்து அனுப்புவேன். பிறகு ஒருநாள், "சளி காய்ச்சலுக்கெல்லாம் என்னைக் கேக்காதீங்கக்கா. உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்களே போட்டு விட்டுடுங்க" என்றார். போட்டு விட்டேன். சளிக்குப் போட்டவள் வயிற்றுவலிக்குப் போட்டேன். வயிற்றுவலிக்குப் போட்டவள் தலைசுற்றலுக்கும் போட்டேன். அவருடைய பாணி எனக்கு அத்துப்படி. முதல் வரி எப்போதும் பயப்பட ஒன்றுமில்லை என்று இருக்கும். அது பாதி மருந்து என்பார் அவர்.

ஜனங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பதில் போன மறு நிமிஷமே நன்றி வரும். நீங்கதான் சார் எங்க தெய்வம் என்று ஒருவர் எழுதினார். நாக்கைப் படம் பிடித்து அனுப்புகிறவர், தினமும் காலை வணக்கம் சொல்லி ரோஜாப் பூ அனுப்புகிறவர், மருமகள் தூங்கி எழுவதே இல்லை, அதற்கு ஏதாவது மாத்திரை உண்டா என்று கேட்ட மாமியார், இவர்கள் எல்லோருக்கும் நான் பொறுமையாகப் பதில் எழுதினேன். வரிசை காலியாகும். மேனேஜர் என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

லிஃப்ட்காரருக்கு வருகிறேன். நீங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

அவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவிக்கு முதல் பிரசவம், எட்டாம் மாதம். எங்கள் டாக்டர்தான் பார்த்துவந்தார். அந்தப் பெண் சிரித்த முகம். வரும்போதெல்லாம் என் மேசையில் கை ஊன்றிக்கொண்டு, "அக்கா, உங்க நாற்காலியை ஒரு நாள் இவரைச் சரி பண்ணித் தரச் சொல்றேன்" என்று சொல்லும். முதல் மெசேஜ் சாதாரணமாகத்தான் வந்தது. கால் வீங்கியிருக்கு டாக்டர், தலைவலியும் இருக்கு, என் வீட்ல ரொம்ப சோர்வா இருக்கா என்று எழுதியிருந்தார். கேள்விகள் எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டிருந்தார், நான் சொல்லிக்கொடுத்தபடியே. நான் பதில் எழுதினேன். பயப்பட ஒன்றுமில்லை, இந்த மாதத்தில் கால் வீங்கும், காலுக்குத் தலையணை வையுங்கள். நன்றி டாக்டர் என்றார். இரண்டு நாள் கழித்துத் தலைவலி குறையவில்லை என்று வந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன். அதற்கும் நன்றி வந்தது.

மறுநாள் மத்தியானம் மறுபடி எழுதினார். கண்ணு முன்னாடி பொறி பறக்கிற மாதிரி இருக்குங்கிறா டாக்டர், வெளிச்சத்தைப் பாக்க முடியலைங்கிறா, வயித்துக்கு மேலயும் வலிக்குதாம்.

எனக்குத் தெரியாமல் இல்லை, ஐயா. அதை ஒளிக்க விரும்பவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். "மாசமா இருக்கறவங்க தலைவலி, கண்ணு மங்குதுன்னு சொன்னா, நான் சாப்பிட்டுட்டு இருந்தாலும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுங்க. பிரஷர் ஏறிடும். தாயும் போயிடும், பிள்ளையும் போயிடும்." வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

உடனே எழுந்தேன். டாக்டர் அறைக் கதவு வரை போனேன். உள்ளே அவர் தனியாகத்தான் இருந்தார், ஆப்பிள் நறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டு. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இந்த மெசேஜை அவர் பார்த்தால் இதற்கு மேலே இருப்பதையும் பார்ப்பார். அவர் பெயரில், அவர் எழுதாத பதில்கள். அந்த ஆப்பில் எதையும் அழிக்க முடியாது. என் உயிரே போய்விடும் என்று பயந்தேன், அது மிகையில்லை.

"என்னக்கா?" என்றார், சிரித்துக்கொண்டே.

"ஒண்ணுமில்ல சார். ஏசி ஓடுதான்னு பாத்தேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த வரி மஞ்சளாகியிருந்தது. கண் சோர்வுதான், இருட்டறையில் படுக்க வையுங்கள், செல்போன் பார்க்க வேண்டாம் என்று எழுதினேன். முதல் வரியை மறக்கவில்லை.

போனை எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதானே கேட்கிறீர்கள். நானும் அதை யோசித்தேன். ரிசீவரைக் கையில் எடுத்துக்கூட விட்டேன். ஆனால் அவர், டாக்டர் இப்போதுதானே படுக்கச் சொன்னார் என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் எங்கள் டாக்டரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் என் மேசைக்குத்தான் வந்து நிற்கும். ரிசீவரை வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்காரரே வந்துவிட்டார். வேலை உடுப்பில், கையெல்லாம் கிரீஸ். வெளியே வண்டியின் பின் இருக்கையில் அந்தப் பெண் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னலில் சாய்ந்திருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. முகம் உப்பி, வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம் டாக்டரைப் பாத்துட்டுப் போயிடறோம். அவ கிடந்து துடிக்கிறா. எனக்குப் பயமா இருக்குக்கா."

"டாக்டர்தான் பதில் போட்டுட்டாரே. ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காரே."

"போட்டாரு. இருந்தாலும் நேர்ல ஒரு தடவை..."

அவருக்குப் பயம், எனக்கும் பயம். அந்தக் கிளினிக்கில் பயப்படாதவர் டாக்டர் ஒருவர்தான். சத்தம் கேட்டு உள்ளே இருந்து, "யாருங்கக்கா வந்திருக்கறது?" என்று கேட்டார்.

"தண்ணி கேன் போடறவர், சார்" என்றேன்.

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. டாக்டரைத் தொந்தரவு பண்ணக் கூடாது, அதற்காக அக்கா சமாளிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. தானும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்ப என்னக்கா பண்றது என்று கிசுகிசுவென்று கேட்டார். நாளைக் காலை முதல் டோக்கன் அவருக்கே போட்டுக் கொடுத்தேன். அது லேசில் கிடைக்காதது, ஐயா, அதற்கு அடிதடியே நடக்கும். ரொம்ப நன்றிக்கா என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தம் போடாமல் சாத்திக்கொண்டு போனார். வண்டி திரும்பி, வந்த வழியே வீட்டுப் பக்கம் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை முதல் டோக்கனுக்கு யாரும் வரவில்லை. இரண்டாவது டோக்கனைக் கூப்பிட்டேன்.

முந்தின நாள் மாலையே வலிப்பு வந்துவிட்டதாம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நினைவு தப்பிவிட்டது. குழந்தையை எடுத்துவிட்டார்கள், பெண் குழந்தை. அது பிழைத்துக்கொண்டது. இதை ஏன் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை. டாக்டர் செய்தி கேட்டு மத்தியானம் சாப்பிடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்" என்று புலம்பினார். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும்.

கொஞ்ச நாள் எதுவும் வரவில்லை. நான் தூங்கவும் தொடங்கினேன். பிறகு ஒரு காலை, திரையைத் திறந்தவுடன் அவருடைய மெசேஜ் இருந்தது.

டாக்டர், நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். தலையணை வச்சேன், தண்ணி குடுத்தேன், ரூம்ல லைட்டே போடல. பாப்பா அவளை மாதிரியே இருக்கு. பெரியவளாகிக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்.

அவ்வளவு நேரம் நான் எந்த மெசேஜையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. பதில் போடாமல் விட்டால் சிவக்கும், மேனேஜர் திறந்து பார்ப்பார். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினால் பொருந்தாது. வருத்தம் தெரிவித்து மட்டும் எழுதினால் மறுபடி கேட்பார், கேட்டுக்கொண்டே இருப்பார். மனிதருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது கிடைத்தால்தான் அவரும் அடங்குவார், நானும் நிம்மதியாக இருப்பேன். அவருடைய பழைய மெசேஜ்களை மேலே தள்ளிப் பார்த்தேன். காரணம் அங்கேயே இருந்தது.

பார்வை மங்குகிறதா என்ற கேள்விக்கு நீங்கள் இல்லை என்று குறித்திருந்தீர்கள் என்று எழுதினேன். ஆம் என்று குறித்திருந்தால் உங்கள் மனைவியைக் காப்பாற்றியிருக்கலாம். டாக்டர் பெயரில்தான், வேறு யார் பெயரில் எழுதுவது.

உடனே அவர் பார்த்துவிட்டார். ரொம்ப நேரம் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. கடைசியில் வந்தது ஒரே வரி. தப்பு என்னோடதுதான், என்னை மன்னிச்சிருங்க டாக்டர்.

அதற்கு நான் பதில் போடவில்லை. அத்துடன் முடிந்திருக்க வேண்டியது. மறுநாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் நேரிலும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். என் மேசையில் ஆள் இல்லாததால் நேரே உள்ளே போய்விட்டார்.

எதற்கு வந்தார் என்றுதான் எனக்கு இன்னமும் விளங்கவில்லை, ஐயா. அவருக்குப் பதில் போட்டாகிவிட்டது.