ரப்பான் விட்டுவிட்ட பக்கங்கள்

ஜன்னலைச் சாத்தாதீங்க ரப்பான். சுவரோரமா மறைஞ்சுதான் நிக்கிறேன். பொம்பளை முகத்தைப் பார்க்க மாட்டேன்னுதானே உங்க துறவி விரதம்? காதுக்கு ஒண்ணும் இல்லியே.

நான் ஷமூனி, ஆத்தோரத் தெரு மருத்துவச்சி. இந்த ரேஷ் அய்னா ஊர்ல பாதிப் பேர் என் கையில விழுந்தவங்கதான். என் மருமக தெக்லாவுக்கு நேத்திலேருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கு, ஒரு கை மட்டும் வெளியே வந்துடுச்சு. இழுத்தா ரெண்டு உசிரும் போயிடும், இழுக்காம விட்டாலும் போயிடும். அதுக்கு மேல எனக்குத் தெரியல.

வைத்தியர்கிட்ட ஓடாமலா? நீங்க கிரேக்கத்துலேருந்து நம்ம சுரியானி மொழியில ஆக்கிக் குடுத்த புத்தகத்தைத்தான் அவரும் பிரிச்சார். காய்ச்சல் இருக்கு, கட்டி இருக்கு, கிழவனுக்கு மூத்திரம் அடைச்சா என்ன பண்ணணும்னுகூட இருக்கு. பிரசவம்னு வந்த இடத்துல, இந்தப் பகுதி துறவியின் கைக்குத் தகாது, விட்டுவிட்டேன்னு எழுதி வச்சிருக்கீங்க. ஏன், நீங்க வானத்துலேருந்தா குதிச்சீங்க?

கோவிச்சுக்காதீங்க. கிரேக்கப் புத்தகம் உள்ளேதானே இருக்கு? எடுங்க.

என்ன சத்தம்னா கேக்குறீங்க? ஆடுதான். மடத்து ஆடு கத்தாம சங்கீதமா பாடும்? நீங்க பக்கத்தைத் தேடுங்க.

எழுதுகோலெல்லாம் எதுக்கு? வாயால சொல்லுங்க, நம்ம பேச்சுல. என்ன முனகுறீங்க? கிரேக்கப் பேரை வச்சு நான் என்ன செய்ய? கர்ப்பப்பைன்னு சொல்லுங்க. நாக்கு வெந்துடாது.

ம். வெளியே வந்த கையை இழுக்கக்கூடாது. எண்ணெய் தடவி... உள்ளே தள்ளணுமா? மறுபடி சொல்லுங்க. தள்ளிட்டு, காலைத் தேடணும். தலையை இல்ல, காலை. நல்லாப் பார்த்தீங்களா? தோல் ஏட்டுல தப்பு வந்தா சுரண்டிட்டு எழுதிடுவீங்க. இங்க சுரண்ட முடியாது.

ஏன் நிறுத்திட்டீங்க? வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுவேன்னா? நான் எங்கேயும் போகல ரப்பான். பிரசவ வலிக்காரி மடத்து நிழல்லகூட நிக்கக்கூடாதுன்னு சட்டம் வச்சிருக்கீங்களே, ஜன்னலைச் சாத்திடுவீங்கன்னுதான் தெக்லா கத்தினதை ஆடுன்னு சொன்னேன். உங்க ஜன்னலுக்குக் கீழேதான் வண்டி நிக்குது. அதுலதான் அவ படுத்திருக்கா. எண்ணெய் தடவியாச்சு, பிள்ளை கையும் உள்ளே போயாச்சு. இதோ, கால் தட்டுப்படுது. அடுத்த வரியைப் படிங்க. கொஞ்சம் உரக்க.