பலகையின் சிவப்புக் கோடு

— உக்காருக்கா, மொதல்ல உக்காரு. மாடிப்படி பூரா ஈரக் கால்தடம்னு வாட்ச்மேன் போன் பண்ணிப் புலம்புறார். என் ரூம் கீழதானே இருக்கு, மேல எதுக்கு ஏறின?

— வழி தெரியாம ஏறிட்டேன். ஈரம் எங்க வீட்டு அடுப்படி ஈரம்டா. சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு பாரு. உன் அறிக்கைல எங்க தெரு மட்டும் காஞ்சு கெடக்குதாமே?

— உனக்கு யாரு சொன்னா? அறிக்கை இன்னைக்கு நாலு மணிக்குத்தான் டைரக்டரம்மா கையெழுத்தாகி மேல போகுது.

— நகராட்சி ஆபீஸ்ல வரைவுப் பட்டியல் ஒட்டியிருக்கான். கடலத் தடுக்கக் கரைல சுவர் கட்டப்போற எடம் பதினாலு. பதினஞ்சாவதா எங்க படகுத்துறை, பக்கத்துல 'தேவையில்லை'ன்னு ஒத்த வார்த்தை. பத்தொம்பது வருஷமா விடிஞ்சும் விடியாம படியிறங்கி, அளவுப் பலகைல தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்து உங்க ஆபீசுக்கு எழுதிக் குடுத்தவ நான். எனக்கு நீ செஞ்ச கைம்மாறு இதானா?

— அக்கா, நான் உன் தம்பியா பேசவா, ஆய்வாளரா பேசவா?

— எவனா வேணா பேசு. பதில் சொல்லு.

— அதாவது, மத்த பதினாலு எடத்துலயும் கடல் ஏறிக்கிட்டே இருக்கு. உங்க துறைல மட்டும் பதினாலு வருஷமா கோடு கிழிச்ச மாதிரி அப்படியே நிக்குது. எல்லாம் நீ எழுதின எண்ணுதான்க்கா. நான் ஒண்ணைக்கூட மாத்தல.

— அப்ப என் அடுப்படிக்கு வந்தது என்ன? விருந்தாளியா?

— அதாவது, அங்க தரை உயருது. கடல் ஏற ஏற, தரையும் கூடவே ஏறுது. அதான் நான் கண்டுபிடிச்சது. அதைப் பத்திப் பேசத்தான் அடுத்த மாசம் வெளிநாட்டுல கூப்பிட்டிருக்காங்க.

— தரை உயருதா! அடப்பாவி! மூணு தடவ வாசப்படிய உசத்திக் கட்டிட்டார் உங்க மாமா. உப்பு அரிச்சு செவுரு மாவா உதிருது. கட்டில் காலுக்குச் செங்கல் வெச்சுப் படுக்கிறோம். உயருற தரைல எவனாவது கட்டில தூக்கி வெப்பானாடா?

— ஒரு வீட்டை வெச்சு முடிவு பண்ண முடியாதுக்கா.

— ஒரு வீடா? அறுபத்திரெண்டு வீடு! போன செவ்வாய்க்கிழமை வந்து பாத்திருக்கணும் நீ. என் அடுப்படில கணுக்கால் தண்ணி, சின்னவளோட பள்ளிக்கூட நோட்டெல்லாம் மெதக்குது. அந்தக் கோலத்தோட ஓடிப்போய் பலகையைப் பாத்தேன். தண்ணி எங்க நின்னுது தெரியுமா?

— எங்க?

— செவப்புக் கோட்டுல. பௌர்ணமித் தண்ணி வழக்கமா தொடுற அதே கோடு. ஒரு விரல் கூடவும் இல்ல, ஒரு விரல் குறையவும் இல்ல. அங்கதான் எனக்குப் பொறி தட்டிச்சு.

— என்ன பொறி?

— வருஷா வருஷம் பலகையைக் கழட்டி, பெயின்ட் அடிச்சு, திருப்பி மாட்டுறாங்கல்ல? எங்க மாட்டுறாங்க?

— எங்க இருந்துதோ அங்கதான். படிக்கல்லுல குறி வெட்டியிருக்கே, அதுக்கு நேரா தச்சர் ஆணி அடிப்பார்.

— அந்தக் குறி பாசிக்குள்ள போய் எத்தன காலமாச்சு! பலகை மாட்டுற கம்பத்துல ஆணி ஓட்டைய எண்ணிப் பாத்தேன். பதினாலு ஓட்டை, ஒண்ணுக்கு மேல ஒண்ணா. கீழ உள்ளதுக்கும் மேல உள்ளதுக்கும் முழுசா ஒரு சாண்.

— என்னக்கா சொல்ற?

— தச்சரைப் புடிச்சுக் கேட்டேன். 'பௌர்ணமித் தண்ணி இந்த வருஷம் எங்க தொடுதோ, அதுக்கு நேரா செவப்புக் கோடு வர்ற மாதிரி அடிக்கணும், அதான் உத்தரவு'ன்னார்.

— அய்யய்யோ! தண்ணி ஏற ஏற பலகையையும் தூக்கி வெச்சா எண்ணு எப்படி மாறும்? எந்த மடையன் குடுத்த உத்தரவு அது?

— அதான் நானும் கேட்டேன்.

— பதினாலு வருஷ டேட்டா பாழ்! அவன நிக்க வெச்சுக் கேக்கணும். வேலைய விட்டே தூக்கணும். நீயும்தான்க்கா, தினம் பாக்கிற, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— சொன்னேன். எட்டு வருஷத்துக்கு முந்தி, உன்கிட்டத்தான். 'பலகை முன்ன என் இடுப்புக்கு நேரா இருந்துது, இப்ப மேல வந்துருச்சுடா'ன்னேன். 'நீ பாக்கிறத எழுது, யோசிக்கிறத எங்ககிட்ட விடு'ன்ன. படிச்சவன் சொல்றான்னு நானும் வாய மூடிக்கிட்டேன்.

— எனக்கு ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. சரி, இந்தா, இதப் படி. தச்சருக்கு வந்த உத்தரவு. அவர் பெட்டில பத்திரமா வெச்சிருந்தார், இது ஜெராக்ஸ். கண்ணாடி போட்டுக்கிட்டுப் படி.

— 'கல் குறி பாசி படிந்து வழுக்குவதால், இனி பௌர்ணமி நீர்மட்டத்துக்கு நேராகச் சிவப்புக் கோடு அமையும்படி... இப்படிக்கு, பயிற்சி ஆய்வாளர்...'

— ஏன் நிறுத்திட்ட? கீழ கையெழுத்து இருக்கே. எந்த மடையனோடது?

— அக்கா... எனக்கு அப்ப இருபத்திமூணு வயசு. வேலைக்குச் சேந்து ரெண்டே மாசம். அந்தப் பாசில தச்சர் வழுக்கி விழுந்து கைய ஒடச்சுக்கிட்டார். பாவமா இருந்துது. அந்த ஒரு வருஷத்துக்குன்னு நெனச்சுத்தான் எழுதினேன்.

— அவர் கை கூடிருச்சு. உன் உத்தரவு மட்டும் அப்படியே நின்னுருச்சு.

— சரி, கேளு. அந்த ஓட்டைகளை அளந்தா எல்லா எண்ணையும் திருத்திடலாம். அடுத்த அறிக்கைல நானே சரி பண்ணிடுறேன்.

— அடுத்தது எப்ப?

— அஞ்சு வருஷம் கழிச்சு.

— நாக்கு கூசலியாடா உனக்கு! அஞ்சு வருஷம் நாங்க எங்கடா படுக்கிறது, பரண்லயா? யாரோ ஒருத்தன் செஞ்சான்னா வேலைய விட்டுத் தூக்கணும், நீ செஞ்சா அஞ்சு வருஷம் பொறுத்துக்கணுமா?

— இப்ப சொன்னா என் பேரு என்னாகும்க்கா? தரை உயருதுன்னு உலகம் பூரா சொல்லிட்டேனே!

— உன் பேரு மெதக்கணும், அதுக்கு அறுபத்திரெண்டு வீடு முழுகணும். அப்படித்தானே?

— கத்தாதக்கா, வெளிய ஆளுங்க இருக்காங்க... அந்தக் கடுதாசியோட அசல் யார்கிட்ட இருக்கு?

— டைரக்டரம்மாகிட்ட. உன் ரூமுக்கு வர்றதுக்கு முந்தி மேல போய், ஒட்டின கவர்ல போட்டு அவங்க கைல குடுத்துட்டுத்தான் வந்தேன்.

— அக்கா! படிச்சுட்டாங்களா?

— இன்னும் இல்ல. 'நாலு மணி வரைக்கும் பிரிக்காதீங்கம்மா, அதுக்குள்ள என் தம்பியே படியேறி வந்து சொல்லிடுவான்'னு சொல்லியிருக்கேன். மணியப் பாரு.